எட்டு ஊர், எட்டு வரி, ஒரு டொல்பின் வான்

பாசிக்குடாவுக்குத் திரும்புகிற வளைவில் பின்னால் "டொக்" என்றொரு சத்தம். "அம்மா, மெசின்!" என்று மகள் கத்தினாள். திரும்பிப் பார்த்தால், இரண்டு சனி ஞாயிறு மினக்கெட்டு அடித்த பலகை வாங்கு ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. என் தையல் கைமெசின் வழுக்கி வந்து மாமியின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சீற்றுக்கு மேலே சம்மணம் கட்டிக்கொண்டா.

ஊர் ஊராக நின்று ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டு கரையோரமாகத் தெற்கே போகிற பயணத்துக்கு அது ஒத்திகைதான். எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக் கல்லடி. அங்கிருந்து பாசிக்குடா எங்களுக்குக் கூப்பிடுதூரம், காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாம். ஒத்திகை வைக்காமல் நேரே தெற்கே இறங்கியிருந்தால் அந்த மெசின் உகந்தை றோட்டில் யாருடைய காலையாவது முறித்திருக்கும்.

எண்ணத்தைக் கிளப்பினவ கனடாவில் இருக்கிற மச்சாள். அங்கே கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த வண்டிகளை ஆர்.வி. என்கிறார்கள். தையலில் பைத்தியம் பிடித்த பெண்கள் அதில் மெசினையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், போகிற இடத்துத் துணிக்கடையில் ஒரு துண்டு வாங்கி, வாங்கின துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பார்கள். கில்ட் என்பது அதன் பெயர். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு விரிப்பு, மூன்றையும் பிடித்துவைக்க ஊடே ஓடுகிற தையல், அவ்வளவுதான். மச்சாள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற ஊர் வரைக்கும் போய்ப் படம் அனுப்பினா. அங்கே போர்வைகளுக்கென்றே ஒரு மியூசியம் 1991இல் திறந்து நடக்கிறது. நான் தையல்காரி. என் மெசினடியில் வாரத்துக்கு ஒரு உரப்பை வெட்டுத்துண்டு சேரும். அதைக் கால்மிதிக்குத்தான் கொடுப்பேன். அந்தப் படத்தைப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை.

ஆர்.வி.க்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டுகிற ஹயர் வான் இருக்கிறது. பழைய டொல்பின் (டொயோட்டா ஹைஏஸை இங்கே அப்படித்தான் சொல்வது), டீசல். "இஞ்சாருங்க, பின் சீற் ரெண்டையும் கழட்டினா ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாமே" என்றேன். "மறுகா ஹயருக்கு என்ன செய்யிற?" என்றார். அதனால் ஒப்பந்தம் இப்படி: வானில் ஒரு புது ஓட்டைகூடப் போடக்கூடாது, வந்து இறங்கிய அன்றே சீற் பழையபடி ஏறவேண்டும்.

வாங்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம். அரை அங்குலப் புளைவூட். மூடியைத் திறந்தால் உள்ளே துணி, அடுப்பு, சட்டி பானை. மேலே நாலு அங்குலப் போம் மெத்தை. கால்களைச் சீற் கழற்றிய ஓட்டைகளிலேயே போல்ற் அடித்து இறுக்கினோம், அந்தப் பக்கம் அசையவில்லை. பிழை எங்கே நடந்ததென்றால் காலையும் பலகையையும் சேர்த்த இடத்தில். அங்கே மர ஸ்குரூ போட்டிருந்தார். புளைவூட்டின் ஓரத்தில் போகிற ஸ்குரூ வீட்டு அலுமாரியில் பத்து வருடம் இருக்கும், வானில் பத்து மைல்கூட இராது. ஆட்டத்தில் பலகை மாவாகி ஸ்குரூ தானாகக் கழன்று வந்துவிட்டது. கழன்றதை எடுத்துப் பார்த்தேன், புரிக்குள் மரத்தூள் நிரம்பி இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தோம். மூலைக்கு மூலை எல் வடிவ இரும்புத் தகடு, பலகையை ஊடுருவிப் போகிற போல்ற், இரண்டு பக்கமும் பெரிய வொஷர், நட்டுக்கு அடியில் ஸ்பிறிங் வொஷர். மெசினுக்குத் தனியாக ஒரு தொட்டில் மாதிரிச் சட்டம் அடித்து, பழைய டியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினோம். கைமெசின் பத்துக் கிலோவுக்கு மேல் வரும் வார்ப்பிரும்பு. சும்மா வைத்தால் அது மெசின் இல்லை, எறிகல்.

ஏன் கைமெசின் என்று மகளும் கேட்டாள். கரண்ட் வேண்டாம், அதுதான். கரண்ட் மெசினைச் சின்ன இன்வேட்டர் ஓட்டிவிடும். அயன் பெட்டிதான் ஓட்டாது. ஆயிரம் வொற் அயனைப் பன்னிரண்டு வோல்ற் பற்றரியில் போட்டால் எண்பது அம்பியருக்கு மேல் இழுக்கும். வான் பற்றரி அதற்குச் செய்ததில்லை. ஒட்டுத்தையலில் ஒவ்வொரு தையலையும் அழுத்திப் படிய வைக்காவிட்டால் அடுத்த துண்டு கோணும். நான் கண்ட வழி, அடி தட்டையான எவர்சில்வர் குவளை. ரீக்குக் கொதிக்கிற தண்ணீரில் முக்கால் குவளை ஊற்றி, துணியால் பிடித்துத் தேய்த்தால் ஆறு, ஏழு தையலுக்குச் சூடு நிற்கும். குவளையின் அடியில் கரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

ஒத்திகையில் தெரிந்த இரண்டாவது பிழை என்னுடையது. மச்சாள் சொன்ன கணக்கு கால் அங்குலத் தையல் இடம். அங்கே அதற்கென்றே நெருக்கமாக நெய்த பருத்தித் துணி விற்கிறது. என்னுடையது சட்டைத் துண்டும் சாரத் துண்டும். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டிக் கால் அங்குலத்தில் தைத்த பாசிக்குடா வரி, தைத்து முடிக்கும் முன்னமே ஓரம் ஓரமாக நூல் கக்கியது. அதைப் பிரித்து, ஏழு அங்குலமாகப் புதிதாக வெட்டி, அரை அங்குலம் விட்டுத் தைத்தேன். தைத்தபின் எப்படியும் ஆறு அங்குலக் கட்டம்தான். ஆறு அங்குல மட்டையொன்றை வெட்டி, துணியின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் வெட்டு கொஞ்சம் கோணினாலும் தையல் கோணாது. கோட்டைப் பார்த்துத்தானே ஊசி போகிறது. மட்டைக்கு மகளின் பழைய கொப்பி அட்டை. கடதாசி ஆலையால் பேர் வாங்கிய வாழைச்சேனையைத் தாண்டிப் போகும்போது மட்டையை வீட்டில் விட்டுவந்தது ஞாபகம் வந்து, பிள்ளையின் கணக்குக் கொப்பி அந்த இடத்திலேயே அட்டை இழந்தது.

போர்வையின் அமைப்பு இதுதான்: ஊருக்கு ஒரு வரி, வரிக்குப் பத்துக் கட்டம், மொத்தம் எட்டு வரி. நாலடி அகலம், ஐந்தடி நீளம். வடக்கே பாசிக்குடாவில் தொடங்கி கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, ஒலுவில், திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி உகந்தையில் முடியவேண்டும். வரியைக் கையால் அந்தந்த ஊரிலேயே தைப்பது, வரியோடு வரியை மெசினில் இணைப்பது. ஒரு வரிக்கு ஒன்பது தையல், ஒன்று ஆறு அங்குலம். ஒன்றேகால் மணித்தியாலம் ஒரு மர நிழலில் இருந்தால் முடியும். ஓடுகிற வானில் ஊசி எடுக்கக்கூடாது என்பதை ஏறாவூரில் ஒரு வேகத்தடையில் பெருவிரலைக் கொடுத்துப் படித்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை, பள்ளிக்கூட லீவில், நாலு பேரும் புறப்பட்டோம். கல்லடி வரி வீட்டு வாசலிலேயே ஆயிற்று. பள்ளிச் சட்டைக்கு வெட்டி மிஞ்சிய வெள்ளை. காத்தான்குடியில் நடுறோட்டு ஈச்சமரங்களைப் பார்த்தபடி வானை ஓரம் கட்டி, கட்பீஸ் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். பேரம் பேசத்தான் நேரம் போனது, தையலுக்கு நிழல் இல்லை. அந்த வரியை ஆரையம்பதியில் ஒரு கோயில் மரத்தடியில் முடித்தேன் என்பதைப் போர்வையைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

மருதமுனையில் இறங்கினதும் தறிச் சத்தம் கேட்டுத்தான் சந்துக்குள் போனோம். நாலு தறி போட்ட ஒரு கொட்டில். சாரம் நெய்துகொண்டிருந்த காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), வெட்டி மிஞ்சிய துண்டு இருந்தால் காசுக்குத் தாருங்கள் என்று கேட்டேன். சிவப்பிலும் கத்தரிப்பூ நிறத்திலும் கோடு போட்ட ஒரு முனைத்துண்டை எடுத்துத் தந்தார். நான் உடனே கத்தரிக்கோலை வைத்தேன்.

"பொறு தங்கச்சி. அப்பிடி வெட்டினா கோணும்" என்றார்.

ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, ஊடை நூல் ஒன்றை நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுத்தார். துணி சுருங்கிச் சுருங்கி வந்து, நூல் முழுதாகக் கழன்றதும், துணியின் குறுக்கே மயிரளவு இடைவெளியாக நேர்கோடொன்று தெரிந்தது. "இப்ப இந்தப் பாதையில போ." போனேன். இருபது வருடமாகத் தைக்கிறேன், கைத்தறியை இவ்வளவு நேராக வெட்டினதில்லை. அடிமட்டம் வைத்து வெட்டுவது கண்ணுக்குத்தான் நேர், நூலுக்கு நேர் இல்லை என்று அவர் நாடாவைத் தட்டிக்கொண்டே சொன்னார். கரையை வெட்டி எறியாதே, விளிம்பு கட்ட உதவும் என்றும் சொன்னார். அதையும் கேட்டேன்.

அவர் சொன்ன மூன்றாவது விசயத்தைக் கேட்கவில்லை. "சிவப்ப ஒருக்காக் கழுவிப்போட்டுத் தை." வழியில் எங்கே கழுவிக் காயப்போடுவது என்று நினைத்து அப்படியே வெட்டித் தைத்துவிட்டேன். இதன் பலன் பொத்துவிலில் வரும்.

ஒலுவிலில் துணி வாங்கவில்லை, மருதமுனைத் துண்டின் கத்தரிப்பூப் பக்கத்தையே எடுத்தேன். வெளிச்சவீட்டுப் பக்கம் மகளும் அவரும் போக, நானும் மாமியும் கரையில் ஏற்றிப்போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தோம். மற்றப் பக்க நிழலில் வயது போன ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வலை கிழிந்த இடம் ஒரு கையளவுதான். அவரோ முதலில் கத்தியை எடுத்து ஓட்டையை இன்னும் பெரிதாக வெட்டினார். மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மகன் நல்ல கண்ணையும் அறுக்கிறியள்?" என்று கேட்டேவிட்டா.

"நைஞ்ச கண்ணுல முடிச்சுப் போட்டா முடிச்சு நிக்கும், கண்ணு நிக்காது உம்மா" என்றார். கிழிசலைச் சுற்றி நல்ல கண் வருகிற மட்டும் வெட்டி ஒழுங்குபடுத்திவிட்டு, ஊசியை விட்டு ஒவ்வொரு கண்ணாக எண்ணி முடிந்துகொண்டு போனார். கடைசி முடிச்சு விழுந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் மருதமுனை வரியில் ஏழாவது கட்டம் அப்போதே மூலை நைந்து, நான் மேலாலே சும்மா ஒட்டுப்போட இருந்தேன். அதைப் பிரித்து எடுத்து, நைந்த கட்டத்தை முழுதாக வெட்டி எறிந்து, மிஞ்சியதில் புதுக் கட்டம் வைத்தேன். அரை மணித்தியாலம் கூடப் போனது.

திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலைக் கும்பிட்டு, கடற்கரைப் பக்கம் வானை விட்டுப் படுத்தோம். வரிக்கு வீட்டுக்காரரின் பழைய வேட்டி, கரையோடு. இரவு நல்ல காற்று, நித்திரை இல்லை. உள்லைற் நாலையும் போட்டு, பன்னிரண்டு வோல்ற் காற்றாடியையும் சுழலவிட்டு, நடுச்சாமம் தாண்டித் தைத்துக்கொண்டிருந்தேன். காற்றாடியை நிறுத்தாமலே படுத்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் "கிளிக்" மட்டும். பழைய குமிழ் லைற் நாலும் காற்றாடியும் சேர்ந்து ஆறு அம்பியர் மட்டில் தின்றிருக்கும், பற்றரியும் புதிதில்லை. கரைவலை இழுக்க வந்த பொடியன்மார் ஐந்து பேர் மணலிலிருந்து தார் றோட்டு மட்டும் தள்ளிவிட்டார்கள். பழைய டீசல் என்பதால் தள்ளிக் கியர் போட்டதும் பிடித்துவிட்டது. அவர் என்னோடு கோமாரி போய்ச் சேரும் மட்டும் கதைக்கவில்லை. அக்கரைப்பற்றிலேயே வாங்கியிருக்க வேண்டிய சார்ஜ் லைற்றைப் பொத்துவிலில் வாங்கினோம்.

பொத்துவிலில் சொந்தக்காரர் முற்றத்தில் வானை நிறுத்திவிட்டு, அறுகம்பைக்கு நடந்து போனோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையில் ஏறி அலை சறுக்குவதை மாமி இமைக்காமல் பார்த்தா. எனக்கோ கச்சான் காற்றோடு மல்லுக்கட்டு. கட்டங்களை வரிசையாக மணலில் பரப்பினால் ஒன்று பறக்கும், பிடித்தால் மற்றது பறக்கும். கடைசியில் பத்துக் கட்டத்தையும் ஒரு நூலில் கோர்த்துக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றித் தைத்தேன். இப்போது வீட்டிலும் அப்படித்தான் செய்கிறேன், கட்டம் முன்பின் மாறாது.

அன்று பின்னேரம் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மகள் குளித்த ஈரத் துவாயை வரிகளுக்கு மேலேயே திணித்து வைத்திருக்கிறாள். மருதமுனைச் சிவப்புக் கரைந்து, கல்லடி வெள்ளையில் மூன்று கட்டம் ரோசாவாகக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவை, வினாகிரி விடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டும் செய்தேன், இறங்கவில்லை. வெட்ட முதல் தனியாக அலசி, தண்ணீர் தெளிகிற மட்டும் திரும்பத் திரும்பக் கழுவுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. இரண்டு கட்டத்தை மாற்றினேன். மூன்றாவதுக்கு வெள்ளைத் துணி போதவில்லை. அது அப்படியே இருக்கிறது.

ஊசிக்கும் கடலுக்கும் ஆகாது என்பதையும் எழுதவேண்டும். பாசிக்குடா வரியில் குத்திவிட்ட குண்டூசிகள் ஒரு கிழமைக்குள் துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாகக் கறை வைத்திருந்தன. மாமி தன் தலைமயிர்க் கழிவைச் சுருட்டி ஒரு துணிக்குள் வைத்துத் தைத்து, "இதில குத்து புள்ள" என்று தந்தா. மயிரில் இருக்கிற எண்ணெய்க்கு ஊசி துருப்பிடிப்பதில்லை. அவவின் தாயார் வைத்திருந்த முறையாம். அதற்குப் பிறகு ஒரு ஊசிகூடப் பழுதாகவில்லை.

பாணமைக்கு அங்கால் கிறவல் றோட்டு. யானை லத்தி புதிதாகக் கிடந்ததால் இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகவே ஓட்டினார். கதவிடுக்கால் வந்த செம்புழுதி மெத்தை, மாமியின் வெள்ளைச் சேலை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. தகர டின்னுக்குள் போட்ட துணி மட்டும் தப்பியது. வாங்கு? போல்ற் ஒன்றுகூட அசையவில்லை. உகந்தையில் இறங்கினதும் நான் முதலில் பார்த்தது முருகனை இல்லை, அந்த நட்டுகளைத்தான். பிறகு கோயிலைக் கும்பிட்டு, வள்ளி மலையில் ஏறி, இறங்கி வந்து கடலைப் பார்க்கிற பாறை நிழலில் கடைசி வரியைத் தைத்தேன். கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் காட்டுக்குள் இறங்குகிற இடம் அது. மாமி தன் இளமையில் நடந்த கதையைச் சொல்லச் சொல்ல ஊசி தானாகப் போனது. அந்த வரிக்கு மட்டும் இரண்டரை மணித்தியாலம்.

மிச்சம் வீட்டு வேலை. நடுவில் வைக்க முதலில் இலவம் பஞ்சுதான் நினைத்தேன். ஓரடிச் சதுரத்தில் மாதிரி தைத்துக் கழுவிப் பார்த்தேன். வழுவழுத்த குறுநூல், ஒன்றையொன்று பிடிக்காது. நாலு மூலையிலும் நாலு உருண்டையாகப் போய்ச் சேர்ந்தது. தலையணைக்குத்தான் அது சரி. மட்டக்களப்பு வெக்கைக்குப் பஞ்சு எதற்கு? மாமியின் துவைத்துத் துவைத்து மெலிந்த வொயில் சேலை ஒன்றை இரண்டு மடிப்பாக வைத்தேன். வங்காளத்தில் காந்தா என்று பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதும் இந்த மாதிரித்தான். சேலையில் இணைப்பு வருகிற இடத்தில் விளிம்பின் மேல் விளிம்பை ஏற்றாமல், பக்கத்தில் பக்கத்தில் முட்டவைத்துத் தளர்வாகக் கோர்த்தேன். ஏற்றினால் முதுகில் வரம்பு மாதிரி உறுத்தும்.

கீழ்விரிப்பை இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் கூட விட்டு, மண்டபச் சீமெந்து நிலத்தில் இழுத்து ஒட்டுநாடாவால் ஒட்டி, மேலே சேலை, அதற்கு மேலே வரிகள். சாணுக்கு ஒரு கோடாக நூலோட்டம் போட்டுவிட்டு, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போனேன். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி பொம்மிக்கொள்ளும். நாலு விரல் இடைவெளியில் நேர்கோட்டுத் தையல், பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் என்று மூன்று கிழமை. நாலு விளிம்புக்கும் மருதமுனைக் கரை. இந்தமுறை ஐந்து தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு.

இப்போது ஹயர் இல்லாத நாளில் அது வானின் மெத்தையில் கிடக்கும், ஹயர் வந்தால் மாமியின் கட்டிலுக்குப் போகும். மகள் விரல் வைத்து ஊர் ஊராகச் சொல்லிப்பார்த்துவிட்டு, பாசிக்குடாவுக்கு மேலே வாகரை எங்கே என்று கேட்கிறாள். டிசம்பர் மழை விட்டதும் பார்ப்போம் என்று அவர் சொன்னார். அதற்கு முதல் ஒலுவில் வரியில் நாலாவது கட்டம் தையல் விட்டிருக்கிறது, போயா (பூரணை) லீவுக்கு அதைப் பிரித்துத் தைக்க வேணும்.